ஸ்கூபியின் பேய்களும் கள்ளியங்காட்டு நீலியும்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த பழைய கார்ட்டூன் எது, அதில் இப்போது உங்களை உறுத்தியது எது என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஸ்கூபி டூ பற்றித்தான் அதிகம். அதிலும் குமரி மாவட்டத்துக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள், மழைக்கு வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பார்கள் போல. இந்த முறை எல்லாமே நம்ம மாவட்டக் கடிதங்கள். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது கேபிளில் பார்த்த ஸ்கூபி டூ முதல் இரண்டு சீசனையும் இந்த மே மாதம் என் எட்டு வயது மகனோடு திரும்பப் பார்த்தேன். பாதிக் கதைகள் இப்பவும் அப்படியே இனிக்கின்றன. ஆனால் சைனாடவுன் கதை, ஹவாய் கதை, பனிப்பேய் கதை மூன்றும் வந்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, அந்தத் தாத்தா ஏன் அப்படி இழுத்து இழுத்துப் பேசுகிறார்?" என்று பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நிறுத்தாதீர்கள். பையன் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான், இந்த நேரம் பார்த்து டிவியை அணைத்தால் 'கேள்வி கேட்டது தப்பு' என்றுதான் அவனுக்குப் படும்.

பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. பிரெட், டாப்னி, வெல்மா, ஷாகி என்று நாலு இளவட்டங்கள், கூட ஒரு பயந்தாங்கொள்ளி நாய். 'மிஸ்டரி மெஷின்' என்று எழுதிய வேனில் ஊர் ஊராகப் போவார்கள், போகிற இடத்திலெல்லாம் ஒரு பேய் இருக்கும், துரத்தும், கடைசியில் பிடித்துக் கட்டி முகமூடியை உருவினால் உள்ளே ஒரு மனுஷன் விழித்துக்கொண்டு நிற்பான். 1969 செப்டம்பர் 13-ம் தேதி அமெரிக்காவில் சிபிஎஸ் சானலில் ஆரம்பித்தது. முதல் சீசனில் 17 கதைகள், அடுத்த வருஷம் இன்னும் 8.

எனக்கு இந்தத் தொடரில் எப்போதும் பிடித்தது அந்த முகமூடிக்குள் இருக்கிற ஆள்தான். அவனுக்கு எப்பவும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும். கள்ளநோட்டு, கடத்தல், புதையல், யாருக்கோ வரவேண்டிய சொத்து. ஒரு கதையில் பேய் வேஷம் போட்டு வாரிசுகளை விரட்டியவர்கள் இரண்டு வக்கீல்கள்! உயில் வாசித்த கையோடு பச்சை நிறத்தில் பேயாக வந்துவிட்டார்கள். ஆள் நடமாட்டம் கூடாத இடத்தில் பேய்க்கதையைப் பரப்பு என்பது உலகம் முழுக்க ஒரே சூத்திரம் போலிருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கொல்லாமாவுத் தோப்பு, அதாவது முந்திரித் தோப்பு இருந்தது. அதில் இசக்கி நடமாடுகிறாள் என்று தோப்புக்காரப் பாட்டா எங்களிடம் கண்ணை உருட்டிச் சொல்வார். அந்த இசக்கி பழம் பழுக்கிற சீசனில் மட்டும்தான் நடமாடினாள். மழை பிடித்து, கடைசிக் கொட்டையும் பொறுக்கி முடிந்ததும் தோப்புக்குள் நாங்கள் கிளித்தட்டு விளையாடுவோம், பாட்டாவும் ஒன்றும் சொல்லமாட்டார், இசக்கியும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

சரி, இவ்வளவு தெளிவான தொடர் எங்கே சறுக்குகிறது? முகமூடி உருவுவது கடைசி ஒரு நிமிஷம்தான். அதற்கு முன்னால் இருபது நிமிஷம் நம்மைப் பேயை நம்ப வைக்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரக் குழந்தைக்கு எது சட்டென்று மர்மமாகத் தெரியும் என்று பார்த்திருக்கிறார்கள், சீனக்கடை, எகிப்து மம்மி, ஹவாய்த் தீவின் மரச்சிலை, குறி சொல்கிற ஜிப்சிக் கிழவி என்று கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். யாருடைய சாமி, யாருடைய சடங்கு என்ற விசாரணையே கிடையாது. பயத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்ன பனிப்பேய் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், நானும் உங்கள் கடிதத்துக்காகப் போன வாரம் மறுபடி பார்த்தேன். பனிமலையில் ஒரு லாட்ஜ். அங்கே ஃபூ லான் சீ என்று ஒரு முதியவர். திபெத்தில் மலைப்பிளவில் விழுந்து செத்த எட்டி என்கிற பனிமனிதனின் ஆவி தன்னைத் தேடி இங்கே வந்துவிட்டது என்று நடுங்குகிறார். அவருக்குக் கதையில் அதுதான் உத்தியோகம், நடுங்குவது, நம்மையும் நடுங்க வைப்பது. கடைசியில் பேய் வேஷம் போட்டது லாட்ஜ் நடத்துகிற ஆளே, பின்னால் இருப்பது நகைத் திருட்டு என்று வெளியே வருகிறது. திருடன் உள்ளூர் முதலாளி, ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு 'விசித்திரமான ஆள்' என்று மனசில் பதிவது அந்தத் திபெத்துக்காரர். ஹவாய்க் கதையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மந்திரவாதி வேஷத்தில் ஊரை விரட்டியவன் இவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவனேதான், காரணம் கடலடியில் இருக்கிற முத்து. அதற்குத் தீவு மக்களின் தெய்வச் சிலை பூச்சாண்டி ஆக்கப்படுகிறது. சைனாடவுன் கதையில் டாப்னி பழம்பொருள் கடையில் ஒரு முகமூடி வாங்குகிறாள், அதைத் திருப்பிக் கேட்டு ஸென் டுவோ என்கிற சீனப் பேய் வருகிறது, சான் பிரான்சிஸ்கோவின் அந்தத் தெருக்களில் அன்றைக்கு நாலு தலைமுறையாகக் கடை வைத்துப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி உருப்படியாகத் தெரியாது நமக்கு. மம்மி கதை மட்டும் கொஞ்சம் மாறி வரும், அதில் வேஷம் போட்டவர் டாக்டர் நஜீப், எகிப்துக்காரரே.

பையனுக்கு என்ன பதில் சொல்வது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்படி இழுத்துப் பேசுவது அந்தத் தாத்தா இல்லை மக்களே, அவருக்குக் குரல் கொடுத்த நடிகர். சீனாக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எழுதினவர்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள்." எட்டு வயதுக்கு இது தாராளமாகப் புரியும். முகமூடியை உருவுவதை இத்தனை தடவை பார்த்த பையன் அவன். வரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கடலுக்கடியிலிருந்து பாசி படிந்த உடுப்போடு வருகிற கேப்டன் கட்லர், பழைய சுரங்கத்துப் பேய், பச்சைப் பேய் வக்கீல்கள், இதையெல்லாம் அவனைத் தனியே பார்க்க விடுங்கள். மேலே சொன்ன மூன்றுக்கும், நாய் திருடுபவர்களைப் பற்றிய கதைக்கும் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த நாய்த் திருட்டுக் கதையில் ஒரு 'செவ்விந்திய' மந்திரவாதியின் ஆவி வரும். அந்தச் சொல்லையும் கவனியுங்கள், நம்ம சிறுவர் புத்தகங்களில் எல்லாம் வெகு சாதாரணமாகப் போட்ட சொல், அவர்கள் இந்தியர்களும் இல்லை, சிவப்பும் இல்லை.

கேள்வி: 1969-ல் அப்படித்தான் இருந்தார்கள். அதை இன்றைக்கு உட்கார்ந்து கிளறுவானேன்? அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகப் படவில்லையே.
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: 'யாருக்கும்' என்றால் யார் யாருக்கு, அண்ணாச்சி? ஸ்கூபியை வரைந்தவரிடமிருந்தே ஆரம்பிப்போம். அவர் பெயர் இவாவோ டகமோட்டோ. 1925-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு தன் சொந்தக் குடிமக்களையே முள்வேலி முகாம்களில் கொண்டுபோய் அடைத்ததே, அதில் மான்ஸனார் என்கிற முகாமில் அவர் குடும்பமும் இருந்தது. அங்கே உடன் அடைபட்டிருந்த ஓவியர்களிடம்தான் படம் வரையக் கற்றுக்கொண்டார். 1945-ல் டிஸ்னியில் வேலை கிடைத்தது, 1960-களில் ஸ்கூபியை எடுத்த ஹன்னா பார்பரா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆசியாக்காரன் என்றால் சந்தேகத்துக்குரியவன் என்று ஒரு நாடே முடிவுகட்டியதன் விலை என்னவென்று பதினாறு பதினேழு வயதில் அனுபவித்த மனிதர் இருந்த ஸ்டூடியோவிலிருந்துதான் அந்த சைனாடவுன் பேய் வந்தது. அவருக்கு அது எப்படிப் பட்டது என்று நான் கற்பனை செய்து எழுதப்போவதில்லை. ஆனால் 'யாருக்கும்' என்று நீங்கள் எழுதுகிறபோது அவர் முகம் வந்து போகிறது.

அடுத்தவர் ஷாகிக்குக் குரல் கொடுத்த கேசி கேசம். வானொலியில் பெரிய நட்சத்திரம். அவருடைய பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறிய ட்ரூஸ் பிரிவினர். 1980-களில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனிலும் அவருக்கு வேலை இருந்தது. ஒரு நாள் கைக்கு வந்த வசனத்தாளில் அரபு நாடு ஒன்று, அதற்குப் பெயர் 'கார்பாம்பியா', அதாவது கார் வெடிகுண்டை ஒட்டி வைத்த பெயர். ஆளுகிறவன் கோமாளிக் கொடுங்கோலன். நல்ல அரபுக்காரர் யாராவது கதையில் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார், இல்லை என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டார். அரபு மக்களை டிவியும் சினிமாவும் எப்படிக் காட்டுகின்றன என்று கட்டுரையே எழுதினார். அதே ஆள் சைவம், இறைச்சிப் பர்கர் விளம்பரத்தில் ஷாகியாகப் பேச முடியாது என்று 1995-ல் ஷாகியையும் விட்டார், 2002-ல் ஷாகி இனி சைவம்தான் என்ற ஏற்பாட்டோடு திரும்பி வந்தார். பிடிவாதக்காரர். எனக்குப் பிடித்தவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே ஹன்னா பார்பரா 1972-ல் சார்லி சான் என்கிற சீன-அமெரிக்கத் துப்பறிவாளரையும் அவருடைய பத்துப் பிள்ளைகளையும் வைத்து ஒரு கார்ட்டூன் எடுத்தது. சினிமாவில் அந்தச் சானாக வருஷக்கணக்காக நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். கார்ட்டூனில்தான் முதல் முறையாகச் சீன வம்சாவளிக்காரரான கீ லூக்குக்கு அந்தக் குரல் கிடைத்தது, அவரோ முப்பதுகளில் ஓலண்டின் மூத்த மகனாக நடித்தவர். பிள்ளைகளுக்கும் ஆசிய வம்சாவளிக் குழந்தைகளைத்தான் பேச வைத்தார்கள். அப்புறம் உச்சரிப்பு அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று சொல்லி பெரும்பாலான குரல்களை மாற்றிவிட்டார்கள். மாற்றி வந்தவர்களில் ஒருத்தி குட்டிப்பெண் ஜோடி ஃபாஸ்டர். சீனாக்காரரைப் போல இழுத்துப் பேசுவதற்கு வெள்ளைக்காரர் வேண்டும், சீனப் பிள்ளையே இயல்பாகப் பேசினால் புரியாது. எந்தக் காலத்து நியாயம் இது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கூபி என்ன ஜாதி நாய்? எங்கள் வீட்டில் பெரிய சண்டை.
— ஒரு அண்ணனும் தங்கையும், கருங்கல்

பதில்: கிரேட் டேன். நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். டகமோட்டோ, கிரேட் டேன் வளர்த்துப் பழகிய ஒருவரிடம் போய் நல்ல நாய்க்கு என்னென்ன லட்சணம் என்று கேட்டுக்கொண்டு, முதுகு நேராக இருக்கணும் என்றால் சரிவாக, கால் நேராக இருக்கணும் என்றால் வளைவாக, தாடை எடுப்பாக இருக்கணும் என்றால் உள்ளே தள்ளி என்று எல்லாவற்றையும் தலைகீழாக வரைந்தார். பெயர் வந்தது ஃபிராங்க் சினாட்ராவின் பாட்டு முடிவில் வருகிற 'டூபி டூபி டூ'விலிருந்து. யார் ஜெயித்தீர்கள்?

கேள்வி: ஸ்கூபியை விடுங்கள். ஜானி க்வெஸ்டில் வருகிற ஹாஜியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? சின்ன வயசில் டிவியில் ஒரு இந்தியன் வந்தானே என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!
— ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: எனக்கும் அதே சந்தோஷம்தான். பக்கத்து வீட்டில் கேபிள் இழுத்த புதிதில், ஆங்கிலம் அரைகுறையாகக்கூடப் புரியாத காலத்தில், திரையில் ஒரு தலைப்பாகை தெரிந்தாலே 'நம்ம ஆள்டே' என்று கத்துவோம். அடுத்த வீட்டு டிவி என்பதால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள், அது வேற கதை.

ஜானி க்வெஸ்ட் கார்ட்டூன் 1964-ல் வந்தது, ஸ்கூபிக்கும் அஞ்சு வருஷம் மூத்தது, 26 கதை. ஹாஜி கல்கத்தா அனாதைப் பையன், விஞ்ஞானி க்வெஸ்டின் உயிரைக் காப்பாற்றி அந்தக் குடும்பத்திலேயே தத்துப்பிள்ளை ஆகிறான். அறிவாளி, தைரியசாலி, ஜானிக்குச் சரிசமமான நண்பன். அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் இது சின்ன விஷயம் இல்லை, அதை மனசார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பையனைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஹாஜி என்பது ஹஜ் போய் வந்த முஸ்லிம் பெரியவர்களைச் சொல்கிற பட்டம், நம்ம திருவிதாங்கோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்னால் சிங் என்று ஒட்டினார்கள். தலையில் தலைப்பாகை, கையில் கயிறு எழும்பும் வித்தை, வாயில் 'சிம் சிம் சலாபிம்'. அந்த மந்திரமாவது நம்முடையதா என்றால் அதுவும் இல்லை, 'சிம் சலா பிம்' டென்மார்க்கில் பிறந்த டான்டே என்கிற மேடை மந்திரவாதி ஊர் ஊராகப் பிரபலப்படுத்திய சொல். 1990-களில் தொடரைப் புதுப்பித்தபோது இவன் சாதாரணப் பையன் இல்லை, பெங்களூரின் சுல்தான் என்று வேறு சொல்லிவிட்டார்கள். பெயர் ஒரு மதம், பின்பெயர் இன்னொரு மதம், ஊர் கல்கத்தா, அரியணை பெங்களூரு. கல்யாண வீட்டில் மிஞ்சியதை எல்லாம் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறி மறுநாள் காலையில் தருவார்களே, அந்தப் பழங்குழம்பு மாதிரி. பழங்குழம்புக்கு ருசி உண்டு, மறுக்கவில்லை. எது அவியல், எது எரிசேரி என்று மட்டும் கேட்கக்கூடாது.

கேள்வி: அமெரிக்காக்காரனை விடுங்கள். நம்ம தமிழ்ப் படங்களில் மந்திரவாதி என்றாலே மலையாளம் பேசுவான், காட்டுக்குள் இருப்பவன் என்றாலே இலை கட்டிக்கொண்டு 'ஜிஞ்சக்கு ஜிஞ்சக்கு' என்று ஆடுவான். இதற்கு யார் எச்சரிக்கை போடுவது?
— ஒரு ஆசிரியை, தக்கலை

பதில்: டீச்சர், இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த இதழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வெளியூரில் படிக்கப் போன முதல் வாரம். விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விக்கல் எடுத்தது. எதிரே இருந்தவனிடம் "கொஞ்சம் வெள்ளம் தா" என்றேன். எங்க ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம்தான் பேர், வேற எதைச் சொல்வேன்? அவன் அப்படியே பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவன் அடுத்தவனைப் பார்த்தான், மேசை முழுக்க ஒரே சிரிப்பு. "வெள்ளத்தையே குடிப்பானாம்டா." விக்கல் நிற்கவே இல்லை எனக்கு. அன்றைக்கு ராத்திரியே பெயர் வைத்துவிட்டார்கள், மலையாளத்தான். மறுநாள் ஒருவன் ரகசியமாக வந்து, பக்கத்துத் துறையில் ஒரு பெண், வசியம் ஏதாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்! மலையாளம் என்றால் மாந்திரீகம் என்று அவனுக்குச் சினிமா கற்றுக்கொடுத்திருந்தது, எனக்கு மலையாளம் வாசிக்கக்கூடத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நம்ம ஆட்கள் என்ன பாடுபட்டார்கள், எத்தனை பேர் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள் என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் யாரிடம் போய்ச் சொல்ல?

ஃபூ லான் சீ தாத்தா நடுங்கும்போது எனக்குச் சிரிப்பு வராததற்கு அந்த விக்கலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்காக நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற காணி மக்களைப் பற்றி அடிவாரத்தில் இருக்கிற நாம் என்னென்ன கதை கட்டியிருக்கிறோம்? 'காணிக்காரன் மருந்து வைத்துவிடுவான்' என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆரோக்கியப்பச்சை என்கிற செடியை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அகத்தியமலைக் காணிகள், அதிலிருந்து வந்த மருந்தின் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு என்று 1990-களில் செய்த ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பாடமாகப் பேசினார்கள். நமக்கு மட்டும் அவர்கள் 'மருந்து வைக்கிறவர்கள்'. குறி சொல்ல வருகிற குறவர் அம்மாவைச் சினிமாவில் எத்தனை முறை கதைக்கு நடுவில் கொண்டுவந்து ஒரு பாட்டுப் பாடவைத்து அனுப்பியிருக்கிறோம், ஸ்கூபியின் ஜிப்சிக் கிழவிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எச்சரிக்கை போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த கடிதமும் அதேதான்.

கேள்வி: பழைய கார்ட்டூன்களில் தப்பான பகுதியை வெட்டிவிட்டுக் காட்டினால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?
— ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: வெட்டினால் தப்பு மட்டும் போகாது, தப்பு நடந்ததற்கான சாட்சியும் சேர்ந்து போய்விடும். வார்னர் நிறுவனம் தன் பழைய கார்ட்டூன் டிவிடிகளில் இந்தச் சித்தரிப்புகள் அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு என்று முன்னால் ஒரு அட்டை போட்டு, கதையை அப்படியே விட்டது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. ஆனால் அட்டையை வாசிக்கிற வயசா உங்கள் பிள்ளைக்கு என்பதை நீங்கள்தான் பார்க்கணும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதற்கு எந்த அட்டையும் ஈடாகாது.

யாருக்காக வெட்டுகிறோமோ அவர்களைக் கேட்டுவிட்டு வெட்டுவதும் நல்லது. ஸ்பீடி கோன்ஸாலெஸ் என்று ஒரு மெக்சிகோ எலி, பெரிய தொப்பி போட்டுக்கொண்டு காற்றாய்ப் பறக்குமே, அதை 1999-ல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் நிறுத்தி வைத்தது. சோம்பேறி எலிகளும் குடிகார எலிகளும் கூட வருவதால் மெக்சிகோக்காரர்களுக்கு அவமானம் என்று நினைத்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் அமைப்பே வந்து, அவன் எங்கள் பையன், பூனையை ஏமாற்றி ஜெயிக்கிறவன், திரும்பக் கொண்டுவா என்று கேட்டது. 2002-ல் எலி திரும்ப வந்தது. ஹாஜியைப் பார்த்துக் கத்திய என்னையும் அந்த நாகர்கோவில் மாணவரையும் நினைத்துப் பாருங்கள், அந்தச் சந்தோஷமும் பொய் இல்லை.

கேள்வி: அந்தக் காலத்தில் கார்ட்டூன்களில் ஒரே அடிதடி, ஸ்கூபியில் மட்டும் ஏன் யாரும் அடிவாங்குவதில்லை?
— ஒரு அப்பா, தேங்காய்ப்பட்டணம்

பதில்: அதுவும் பெற்றோர்கள் செய்த வேலைதான். 1960-களின் கடைசியில் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் வன்முறை அதிகம் என்று அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் சண்டை பிடித்தன, ஸ்பேஸ் கோஸ்ட் மாதிரி சாகசத் தொடர்கள் வரிசையாக நின்றன. அடி இல்லாத, ஆனால் விறுவிறுப்பான ஒன்று வேண்டும் என்று தேடியபோது ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் எழுதியது இது. முதலில் எழுதிக் கொடுத்தது ரொம்பப் பயமுறுத்துகிறது என்று சானல் தலைமை திருப்பி அனுப்பியது. அப்புறம் நாயை முன்னால் தள்ளி, சிரிப்பைக் கூட்டினார்கள். அன்றைக்கு அடியை எண்ணிய பெற்றோர்கள் சீனத் தாத்தாவையும் எண்ணியிருக்கலாம். பரவாயில்லை, நீங்கள் எண்ணுகிறீர்கள்.

கேள்வி: மாமா, ஸ்கூபி டூவில் நிஜப் பேய் வருமா? எனக்கு 9 வயது.
— குலசேகரத்திலிருந்து

பதில்: ஆரம்பத்தில் வந்த 25 கதைகளில் ஒன்றுகூட நிஜம் இல்லை, மக்களே, தைரியமாகப் பார். 1985-ல் 13 பேய்களைத் தேடிப் பிடிக்கிற ஒரு தொடர் வந்தது, அதில் எல்லாமே நிஜப் பேய். 1998-ல் ஜோம்பி தீவுக்குப் போகிற படம் வந்தது, அதில் பிரெட் வழக்கம்போல முகமூடி என்று நினைத்துக்கொண்டு ஒரு ஜோம்பியின் தலையைப் பிடித்து இழுப்பான், தலை கையோடு வந்துவிடும். அந்தப் படத்தை அப்பாவோ அம்மாவோ கூட இருக்கும்போது பார், ராத்திரி வேண்டாம்.

நம்ம ஊர்ப் பேயைப் பற்றியும் கேட்டிருந்தாய். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வருகிற வழியில் இருக்கிறதே கள்ளியங்காடு, அங்கேதான் நீலி இருந்தாளாம். அழகான பெண்ணாக வந்து வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். கையால் கொடுத்தால் போச்சு, கத்தி நுனியில் வைத்து நீட்டினால் தப்பித்தோம். அவள் கதையைப் பெரியவர்கள் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள், ஊர்க் கொடையில் நீயும் கேட்டிருப்பாய். அவளை ஏமாற்றிக் கொன்றவன் ஒருவன் இருந்தான், அதனால்தான் பேயானாள், அந்தப் பகுதியை விட்டுவிடாமல் கேள். இப்போது அந்த வழியெல்லாம் வீடும் கடையும் விளக்கும்தான், போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு பைக்கில் வந்தேன், ஒருத்தியும் சுண்ணாம்பு கேட்கவில்லை. கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன் என்பது வேற விஷயம்.

நீ வரைந்து அனுப்பிய ஸ்கூபி ரொம்ப நன்றாக இருக்கிறது. கால் மட்டும் அஞ்சு இருக்கிறது, எண்ணிப் பார்.